இடக்கைக் குடை

பாளையங்கோட்டையில் எனக்கு வேலை
பக்கத்துக்கு நாலு ரூபாய்.
யாரோ ஒரு பாதிரியார் விட்டுப்போன பெட்டி.
ஸ்கேனரின் பச்சை வெளிச்சம்
போகும், திரும்பும்.

நூற்றுப் பதினாறாம் தாள் செப்புத்தகட்டு அச்சு.
தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில்
நகத்துக்குத் தட்டுப்பட்டது.
பனி கொட்டும் அரண்மனை முற்றம், ஏதோ திருவிழா,
பிரபுக்கள் எல்லாரும் சீனர்களாகியிருந்தார்கள்.
மணி தொங்கும் கூரையோடு ஒரு தேர்.
பசுங்காது வைத்த டிராகன்.
பேரரசருக்கு மெழுகாய் வழியும் மீசை.
கொடித்துணியில் எழுத்து என்று
கோழி கிளறிய மண்.

செதுக்கியவன் சீனாவைக் கண்டதில்லை.
தேநீர்க் கோப்பையில் கண்டிருப்பான்,
நீலமாக, பாதி வரைக்கும்.
தகட்டில் அவன் வலக்கையில் கொடுத்த குடை
தாளுக்கு வரும்போது இடக்கைக்கு மாறிவிட்டது.
ஊர்வலம் முழுக்க இடக்கைக்காரர்கள்.
மூலையில் ஒருவன் மட்டும்
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எதையோ குடித்துக்கொண்டிருந்தான்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கண் இல்லை, மூன்று கோடுகள்.

'நாடு' என்று கேட்ட கட்டத்தில்
சீனா என்று அடித்தேன். அழித்தேன்.
"ஏதாவது ஒண்ணப் போடு" என்றாள் ஜெபக்கனி அக்கா.

புரட்டாசி. குலசையில் கடற்கரை வரைக்கும் வேசம்.
ஆறு காளி, ரெண்டு போலீஸ், ஒரு கரடி,
தாரைதப்பட்டைக்குப் பின்னால் ஒரு துரை.
தெர்மக்கோல் தொப்பி,
பேண்டு செட்டில் இரவல் வாங்கிய கோட்டு,
பப்பாளித்தண்டுச் சுங்கான்,
முகமெல்லாம் வெள்ளைப் பவுடர்,
வேர்வை ஓடிய இடத்தில் மட்டும் பலவேசம்.

உடன்குடியில் கருப்பட்டி லோடு ஏற்றுகிறவர்.
மகள் ஹைகிரவுண்டிலிருந்து
நடந்தே வீடு வந்ததற்கு
நாற்பத்தொரு நாள் விரதம்.
துரை யாரையும் பார்த்திருக்கிறாரா என்று
நான் கேட்கவில்லை.

தகரக் குவளையில் பத்து ரூபாய் போட்டேன்.
ஒட்டுமீசையை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு
சர்பத் குடித்தார்.
அப்போதுதான் தோன்றியது,
போனில் இருந்த படத்தை நீட்டினேன்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.
ரெண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.
பேரரசரை, டிராகனை, குடையை.
"எந்தூரு செட்டு இது?"

ரொம்ப தூரம் என்றேன்.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார்.
அப்புறம் படத்தின் அடிப்பக்கம் போய் நின்றார்.
பட்டு அங்கிக்குக் கீழே
பளபளவென்று கொக்கி வைத்த பூட்ஸ்.

"கையில காப்பக் காணோம்லா" என்றார்,
"செருப்பக் கழத்தாம
எப்படிம்மா எறங்குனான்?"

தப்பட்டை கூப்பிட்டது.
கோட்டும் சூட்டுமாக,
சுடுமணலில் வெறுங்காலோடு
ஓடிப்போனது துரை.