உள்மூலை

மரம் அறுத்த காலத்தில்
பிரைன்வில் மில்லுக்கு இரண்டு விரலைக் கொடுத்தேன்.
பிறகு மில்லே போய்விட்டது.
இப்போது கராஜில் கல் அறுக்கிறேன்.
இந்த வாளுக்குப் பல் கிடையாது,
விளிம்பில் வைரப் பொடி மட்டும்.
கல்லைப் பிளக்கும்.
ஓடும்போதே விரலை வைத்தால் கூசும், அவ்வளவுதான்.
நம்பாதவர்களுக்கு
மிச்சமிருப்பதில் ஒன்றை வைத்துக் காட்டுவேன்.
யாரும் சிரிப்பதில்லை.

சிலுவை கேட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள்.
சுலபம் என்று நினைப்பு:
சதுரத்தில் நான்கு மூலையை எடு,
மிச்சம் சிலுவை.
வாளோ வட்டம்.
அடியில் கோட்டைத் தொட்டிருக்கும்,
மேலே இன்னும் ஓர் அரிசி நீளம் பாக்கி நிற்கும்.
அந்த அரிசிக்கு ஆசைப்பட்டால்
அடியில் சிலுவையின் கை பாதி அறுந்திருக்கும்.
நிறுத்து. புரட்டு. மறுபக்கத்திலிருந்து வா.
நடுவில் நிற்கும் முள்ளை ஒடி.
அப்புறம் அரம், அரம், அரம்.
ஒரு சிலுவைக்குப் பதினாறு வெட்டு.
உள்மூலையை எவரும் பார்ப்பதில்லை என்று
தெரிந்தே செய்யும் வேலை.

பிப்ரவரியில் தோரா லிண்ட்க்விஸ்ட் வந்தாள்,
அண்ணன் ஆல்டன் ஆற்றோரம் பொறுக்கிய ஜாஸ்பர் பலகையோடு.
கல்லுக்குள் ஒரு பழுப்பு மேடு,
மேட்டின் மேல் வெளிறிய வானம்,
ஜூனிப்பர் மரம் போல ஒரு கறுப்புப் புள்ளி.
"எங்கள் மேய்ச்சல் மேடு மாதிரியே இல்லை?
அவன் கல்லறையில் ஒட்ட வேண்டும், மூன்று அங்குலம்."

பலகையில் ஒரு விரிசல்.
அதைத் தவிர்த்து அலுமினியக் கம்பியால் கோடு போட்டால்
சிலுவைக்கு ஒரே இடம்தான்.
போனில் சொன்னேன்: மேடு மூலைக்குப் போகிறது.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"அறு," என்றாள்.

தொட்டித் தண்ணீர் உறைந்திருந்தது.
கெட்டிலை ஊற்றிக் கரைத்தேன்.
ஆறாவது வெட்டில் மேடு கழன்று
சாம்பல் சேற்றில் விழுந்தது. சத்தமே இல்லை.
சட்டைக் கையைச் சுருட்டித் துழாவினேன்.
மூன்று விரலுக்குச் சேறும் கல்லும் ஒன்றுபோல் குளிர்ந்தன.

சனிக்கிழமை வந்து
சிலுவையைப் புரட்டிப் பார்த்தாள்.
உள்மூலைக்குள் நகத்தை விட்டு ஓட்டினாள்.
இத்தனை வருஷத்தில் அதைச் செய்த முதல் ஆள்.
நான் கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

பிறகுதான் வெண்ணெய் டப்பாவைப் பார்த்தாள்,
நான்கு துண்டுகள்.
ஒன்றை எடுத்து
என்னைக் கேட்காமல்
நாக்கால் நக்கினாள்.
ஈரம் பட்டதும் மேடு எழுந்தது,
வானம், மரம், எல்லாம்.
காய்ந்ததும் போனது.
மறுபடி நக்கினாள்.

நாற்பது டாலரை மேசையில் வைத்தாள்.
துண்டைக் கோட்டுப் பையில் போட்டாள்.
"அவன் ஞாயிற்றுக்கிழமைகளில்
அங்கேதான் இருப்பான்," என்று
கதவு வரை போய்ச் சொன்னாள்.

சிலுவையை எடுத்துப் போகவில்லை.
கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டாயிற்று.
ஜன்னல் பக்கம் ஆணியில் கிடக்கிறது,
நல்ல வேலைப்பாடு, நானே சொல்லக் கூடாது.
இடது கையில்
என் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி வைக்கிறேன்.