நூற்றைம்பது

உள்ளே போகும் காற்று பன்னிரண்டு டிகிரி,
வெளியே வருவது ஐம்பத்திரண்டு.
இரண்டு கிலோவாட்டை நாற்பதால் வகுத்து
மூவாயிரத்தால் பெருக்கினேன்:
மணிக்கு நூற்றைம்பது கன மீட்டர்.
வர வேண்டியதில் பாதி.

ஏற்காட்டில் மார்கழி. ஜன்னலில் ஏரி இல்லை.

ஹீட்டரின் பின்வாயில்
மடித்துச் செருகிய கம்பளிக் காலுறை.
"நான்தான் வச்சேன்" என்றார் எமல்டா.
"ஃபேன் இரைஞ்சா
ராத்திரி அவர் மூச்சு கேக்காது."

அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் கேட்டோம்.

சுருள் கருகிவிடும் என்று காலுறையை உருவினேன்.
இரண்டு சுருளில் ஒன்றைத் துண்டித்து
விசிறியை மெதுவில் வைத்தேன்.
அதே நூற்றைம்பது. ஏற்றம் மட்டும் இருபது.
அறை சூடாக நேரமாகும், பரவாயில்லையா?

ரசீதில் 'பழுது' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எமல்டா காலுறையைத் தூசி தட்டி
அவருடைய வெறுங்காலில் மாட்டிக்கொண்டிருந்தார்.