எந்த பிலவேந்திரன்?

இரவு ஒன்றே முக்காலுக்கு பில்ட் உடைந்தது.
சிவப்பில் ஒரே வரி: அனுமதி இல்லை.
டோக்கன் நவாஸ்கான் பெயரில் இருந்தது.
நவாஸ்கான் வேலையை விட்டு பதினோரு நாள்.
அவன் கணக்கை ஒழுங்காகத்தான் மூடினார்கள்.
அவன் சாவியில்தான் எங்கள் கதவு திறந்துகொண்டிருந்தது என்று
யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

காசிமேட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே
விரைவுச் சாலை என்று பெயர் வைத்த சாலையில்
டிரெய்லர்கள் என்ஜின் அணைத்து நிற்கின்றன.
அவற்றுக்கு கேட் பாஸ் எழுதும் நிரல்
என் மடியில் சூடாகக் கிடக்கிறது.
கீழ் போர்ஷன் பிலவேந்திரன் வரிசையிலிருந்து அழைக்கிறான்:
"இன்னாக்கா, உங்க கம்பெனி தூங்குதா?"

அவசரம்.
எங்கள் தனிக் கிடங்கின் முகவரியை கமென்ட் செய்துவிட்டு
மறுபடி ஓட்டினேன்.
இறங்கத் தொடங்கியது.
எப்படி இறங்கும்?
நாங்கள் நாலு பேர் எழுதி
நாலு பேருக்குள் புழங்கும் பொட்டலம் அது.
பொதுக் கிடங்கில் அதே பெயரில் ஒன்று
எனக்காகக் காத்திருந்திருக்கிறது.
எங்களுடையது பதிப்பு இரண்டு.
அது தொண்ணூற்றொன்பது.
பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது.

கன்ட்ரோல் சி. இன்னொரு முறை கன்ட்ரோல் சி.
எழுந்து போய் மோடத்தின் வயரையே பிடுங்கினேன்.

எங்கள் தெருவில் மூன்று பிலவேந்திரன்கள்:
ஐஸ் பேக்டரி, வெல்டிங், டிரெய்லர்.
வெறும் பெயருக்கு வந்த சம்மன் ஒன்று
வெல்டிங்கை விடியற்காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதிலிருந்து
கதவைத் திறக்குமுன் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள்,
எந்த பிலவேந்திரன்?
கொரியர் பையனுக்குக்கூட அது பழகிவிட்டது.
என் கம்ப்யூட்டர் கேட்கவில்லை.
பெரிய எண்ணைப் பார்த்ததும்
எழுந்து நின்று வழிவிட்டது.

தமயந்தியை எழுப்பி, திட்டு வாங்கி,
புது டோக்கன் வாங்கினேன்,
இம்முறை ஆள் பெயரில் இல்லை, எந்திரத்தின் பெயரில்.
நாற்பத்தேழு கோப்புகளில் பொட்டலத்தின் பெயருக்கு முன்னால்
கம்பெனி பெயரைச் சேர்த்தேன்.
கண் எரிந்தது. மூன்றே முக்காலுக்குப் பச்சை.

நவாஸ்கானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில்:
"இத்தனை நாளும் என் டோக்கன்லயா?"
அவனும் தூங்கவில்லை.

கீழே முதல் லாரி இருமி நகர்ந்தது.
டோக்கனுக்குத் தொண்ணூறு நாள் ஆயுள்.
காலண்டரில் குறிக்கப் போனால் கேட்கிறது,
நினைவூட்டல் யாருக்கு?
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
என் பெயரைத்தான் போட்டேன்.