அடிக்குறிப்பு 131

இரவு ஒன்றரை. சட்ட நூலகத்தின் கீழ்த்தளம்.
என் வேலை சிறியது:
பேராசிரியர் ஓஸ்ட்ரோவின் எழுபத்தாறு பக்கத்தில்
மேற்கோள் ஒவ்வொன்றும்
சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது.
காற்புள்ளி சாய்ந்திருக்க வேண்டுமா, நேராக நிற்க வேண்டுமா,
அதற்கும் ஒரு விதிப்புத்தகம் உண்டு.
செங்கல் கனம்.

கட்டுரை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.
வீடு.

ஆள், வீடு, தாள், உடைமை என
நான்கைச் சொல்லி நிறுத்திக்கொண்டது
நான்காம் திருத்தம்.
எழுதியவர்கள் மெழுகுவத்தியை ஊதிவிட்டு
உறங்கப் போய்விட்டார்கள்.
ஃபோர்டு வேன் அவர்கள் கனவிலும் வரவில்லை.

ஓஸ்ட்ரோவ் எண்ணியிருக்கிறார்.
அக்காலத்துக் கடிதம், பிரசங்கம், ஏல அறிவிப்பு,
குதிரையைக் காணோம் என்ற விளம்பரம்,
எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டிச் சலித்ததில்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் வீடுகள்.
சக்கரம் வைத்தது ஒன்றுகூட இல்லை.
ஆகவே, என்கிறார்.
அந்த ஆகவேயில்
ஒரு பூட்டு விழும் சத்தம்.

மறுத்து எழுதிய டெலகோர்ட் கேட்கிறார்:
எண்ணியது யாருடைய கடிதங்களை?
கூரை இல்லாதவன் எழுதியதை
எந்த அலமாரி காப்பாற்றி வைத்தது?
அதற்கு இவர் பதில் இருபத்தொரு பக்கம்.
பதிலுக்குப் பதில் வசந்தகால இதழில் வரும்.

நீதிபதியின் இரக்கம் நாளைக்கு வேறு ஆளிடம் போகும்,
சொல்லாவது நின்ற இடத்தில் நிற்கட்டும்
என்று ஓஸ்ட்ரோவ் வகுப்பில் சொன்னபோது தலையாட்டினேன்.
சொல் நிற்கும், மனிதர்களைத்தான் நகர்த்துவீர்கள்
என்று டெலகோர்ட் மேடையில் சொன்னபோதும் ஆட்டினேன்.
பூம்பூம் மாட்டுக்காவது
ஒருவன்தான் கயிறு பிடிப்பான்.

நூற்று முப்பத்தொன்றாம் குறிப்பு:
ஒப்பிடுக, மக்கள் எதிர் ஹூக்ஸ்ட்ரா
(வேனில் சில இரவுகள் தங்கியவர்).

வழக்கேட்டை வரவழைத்தேன்.
சில இரவுகள் இல்லை. பதினொரு மாதம்.
மிச்சிகனில், மூடிப்போன மரச்சாமான் கடையின் பின்புறம்,
குப்பைத்தொட்டிக்கும் வேலிக்கும் நடுவே
வெர்னா ஹூக்ஸ்ட்ரா, வயது ஐம்பத்து மூன்று.
பிடியாணை இல்லாமல் ஏறியவர் காவலர் பிலார்ஸ்கி.
மெத்தைக்கு அடியில் அவர் எடுத்தது உண்மைதான்.
அவளும் மறுக்கவில்லை.
வீடு என்றால் விடுதலை.
வண்டி என்றால் முப்பது மாதம்.

பக்கம் 48. குறுக்கு விசாரணை.
ஜன்னலில் என்ன இருந்தது?
திரை. எலுமிச்சம்பழம் போட்டது.
கதவருகே?
கால்மிதி.
ஏறும்முன் என்ன செய்தீர்கள்?
ஷூவைத் துடைத்தேன்.

ஆட்சேபம்.
ஏற்கப்பட்டது. விடையை நீக்குக.

நீக்கிய விடை ஏட்டில் அப்படியே இருக்கிறது,
நீக்கியாயிற்று என்ற வரியைத்
துணைக்கு வைத்துக்கொண்டு.
மூன்று முறை படித்தேன்.
வெளியே பனியா மழையா என்று தெரியாத ஒன்று பெய்தது.
ஒன்பதாயிரம் வீடுகளில்
பிலார்ஸ்கியின் ஷூவைத் தேடினால்
கணினி என்ன சொல்லும்?

எனக்குள்ள அதிகாரம் பிழை திருத்துவது மட்டும்.
'சில இரவுகள்' அடித்தேன்.
'பதினொரு மாதங்கள்' எழுதினேன்.
ஏடு, பக்கம் 48 என்று சேர்த்தேன்,
யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று.
கால்மிதியைச் சேர்க்கவில்லை.
அது வாதம். என் வேலை இல்லை.

விடிந்ததும் பேராசிரியரின் மின்னஞ்சல்:
கூர்மையான கண். நன்றி.
முடிவு மாறாது.

அதற்குள் மேலே எங்கோ
யாரோ ஒரு புதுக் குறிப்பைச் செருகியிருந்தார்கள்.
பதினொரு மாதம் ஓரிடத்தில் நின்றவள்
132-க்கு நகர்ந்திருந்தாள்.