மங்கல் என்று ஒன்றில்லை

ஹீயுமா தீவில் பிப்ரவரி.
உர்வேயின் கோழிக் கொட்டகையில் புது எல்இடி,
முப்பது சதவீதத்துக்கு இறக்கிய வெளிச்சம்.
அன்றிலிருந்து கோழிகள்
ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கின்றன.

தீவனத்தை மாற்றிப் பார்த்தாள்.
கடைசியில் தார்மோ வந்தான், அலைக்காட்டியோடு.
"விளக்கு மங்கவே இல்லை" என்றான்.
"முழுசாய் எரிகிறது, முழுசாய் அணைகிறது,
நொடிக்குத் தொண்ணூறு தடவை.
நம் கண் சோம்பேறி,
கூட்டிக் கழித்து
அந்தி என்று சொல்லிக்கொள்கிறது.
கோழிக்கு அந்தச் சமாதானம் கிடையாது."

ஒரே ஒரு எண்ணைத் திருத்தினான்:
தொண்ணூறு, நாலாயிரமாயிற்று.
அதே முப்பது. அதே மின்சாரம்.
உர்வேயின் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை.

கொட்டகைதான்
இறகு உதறி, கேறி,
மெல்ல அடங்கியது.

கூடையிலிருந்து முட்டையொன்றை எடுத்து
விளக்கருகே பிடித்தாள்.
உள்ளே அசையாமல் நின்றது ஒளி.

அவள் அதை நம்பவில்லை.