நெருக்கம்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் முதலில் கருப்பட்டிப் பாகு.
கரண்டி முதுகில் வழியவிட்டுத் தண்ணீர்.
கடைசியில் நல்லெண்ணெய்.
"தாளிக்க வேணும்ட்டீ, அப்படியே திருப்பித் தரணும்."

மூன்றும் தள்ளுமுள்ளு இல்லாமல் நின்றன,
மேலப்பாளையம் பஸ்ஸில் நடக்காத காரியம்.

"கனமானது கீழ போகும், அதான?"
"எடை இல்லம்மா, அடர்த்தி" என்றாள் ரஹ்மத்.
அப்படின்னா?
புத்தகத்தில் இருந்தது. வாயில் வரவில்லை.

முறத்திலிருந்து இரண்டு பீடி எடுத்தேன்.
ஒரே இலை, ஒரே நீளம்.
ஒன்று தூளை நெருக்கிச் சுற்றியது.
மற்றது தூக்கக் கலக்கத்தில் சுற்றியது, தொளதொள.
கம்பெனியில் கழித்துவிடுவார்கள்.

அமுக்கிப் பார்த்தாள்.
"இதேதாம்மா!"
சொன்ன வேகத்தில் தொளதொளப்பைப் பாட்டிலில் போட்டாள்.
எண்ணெய்மேல் மிதக்கிறது
ஆயிரத்துக்கு ஒன்று குறைவு.

நெருக்கமானதையும் போடவா என்கிறான்
மசூது.