முதல் குரல்

லீ பஜாரில் ராத்திரி பதினொன்றரை.
மூட்டைக்கு நாலு பேர் போதும்.
ஆனால் யாராவது ஒருத்தன்
"ம்ம், தூக்கு" என்று சொல்ல வேண்டும்.
பெரும்பாலும் நான்தான்.

மகள் இன்பவள்ளிக்குப் பதினோரு மாதம்,
ஐந்தரைக் கிலோ.
அவளைவிட ஒரு வெல்லச் சிப்பம் கனம்.
பால் குடித்தால் வயிறு உப்பும்,
வெளுப்பாய்ப் போகும்.
மந்திரித்தோம். கயிறு கட்டினோம்.
கடைசியில் குடலில் அரிசியளவு கிள்ளி,
ரத்தமும் எடுத்து பெங்களூருக்கு அனுப்பி
இருபத்தாறாம் நாள் வந்த தாளை
டாக்டர் ரெஜினா விரித்தார்.

"செல்லுக்குள் கொழுப்பு தேங்கி நிற்கிறது.
உருவான அறையிலிருந்து
அடுத்த அறைக்குப் போகவில்லை.
போக, சில புரதங்கள் வந்து
மேலே போர்த்த வேண்டும்,
தார்ப்பாய் மாதிரி."

தார்ப்பாய் எனக்குத் தெரியும்.
"போய்ச் சேரும்வரை இருக்குமா மேடம்?"
"இல்லை, கிளம்பியதும் உதிர்ந்துவிடும்.
அடுத்த பொட்டலத்துக்குத் திரும்ப வரும்."

அப்படியானால் தார்ப்பாய் இல்லை மேடம்,
அது கை.
சரக்கைப் பொறுக்கி, சுற்றி நின்று,
சுவரையே குமிழாக வளைத்து,
கிள்ளி அனுப்பிவிட்டு
அடுத்த மூட்டைக்குத் திரும்புகிற கை.
மூட்டையோடு கரூருக்குப் போகிற கை
எந்த மண்டியில் இருக்கிறது?

பேனாவை மூடிவைத்தார்.
"சரி, கையென்றே வையுங்கள்.
கைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.
அவற்றைக் கூப்பிடுகிறவன்தான் பழுது.
அவனுக்கு ஒரு தம்பி உண்டு,
சின்னச் சுமைக்குக் குரல் கொடுப்பான்.
கொழுப்பு பெரிய பாரம்,
அதற்கு அந்தக் குரல் பத்தாது."

ரஞ்சிதம் என் அத்தை மகள்.
ஆளுக்கொரு பழுது வைத்திருந்தோம்,
இருவருக்கும் தெரியாமல்.

டீ வாங்கி, குடிக்காமல்
ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.

வேறோர் எண்ணெய் எழுதித் தந்திருந்தார்.
அதற்கு இந்தக் கைகள் வேண்டாமாம்,
குடலிலிருந்து நேரே ரத்தத்துக்குள் போகுமாம்.
ரஞ்சிதம் நாகலூர்க்காரி.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
பஸ் சுற்றி இறங்குவதற்குள்
காப்பிக்காட்டு ஒற்றையடியில்
அடிவாரம் சேர்ந்த கால்.
"குறுக்கு வழி" என்றாள்,
பாட்டிலை வாங்கிக்கொண்டே.

போன செவ்வாய் ஆறு கிலோ நூறு.
எடைமிஷின் சரிதானா என்று
இரண்டு தரம் கேட்டேன்.

இன்றைக்கும் மூட்டை காத்திருக்கிறது.
நான் வாய் திறக்க
ஒரு நொடி கூடுதலாகிறது.
எட்டுக் கையும் பிடியில்.
"என்னண்ணா," என்கிறான் சடையப்பன்,
"சொல்லுண்ணா."